எழுவாய் இல்லாத விசை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் டியூஷன் எடுக்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல், பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே இயக்க விதிகள்தான். அதனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பேசுவது நியூட்டனைப் பற்றித்தான். பதினாறு தடவை பேசியிருக்கிறேன். அதில் முதல் எட்டுத் தடவை தப்பாகப் பேசியிருக்கிறேன்.

விதிகளைத் தப்பாகச் சொல்லவில்லை. மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புற விசை செயல்படாதவரை எந்தப் பொருளும் தன் ஓய்வு நிலையிலோ சீரான நேர்க்கோட்டு இயக்கத்திலோ தொடரும். உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது) மாறும் வீதம் விசைக்கு நேர்த்தகவில் இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. பிள்ளைகளும் அப்படியே ஒப்பிப்பார்கள், மதிப்பெண் வாங்குவார்கள், பெற்றோர் வந்து ஸ்வீட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கும் அது போதுமாக இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தது பாடலீஸ்வரர் கோயில் தேர்.

எட்டு வருடம் முன்பு, வைகாசிப் பெருவிழா தேரோட்டம். எங்கள் ஊர் டியூஷன்களில் மே மாத விடுமுறையிலேயே அடுத்த வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவது வழக்கம் என்பதால், மூன்றாம் விதியை அந்த வாரம்தான் முடித்திருந்தேன். தேரன்று நானும் வடத்தில் கை வைத்திருந்தேன். எனக்கு நாலைந்து பேர் முன்னால் என் மாணவன் ஒருவன், வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பையன், வடத்தைத் தோளோடு சேர்த்துப் பிடித்து நின்றான்.

வைகாசி வெயிலில் வெறுங்காலோடு இழுப்பவர்களுக்குச் சூடு தாங்காது என்று தெருவில் இருப்பவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். புண்ணியம் என்று செய்வதுதான். அன்று ஒரு வளைவில் தேரின் ஒரு சக்கரம் லேசான பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. நாங்கள் நின்ற இடம் வழவழவென்ற சிமெண்ட் ரோடு. அதில் தண்ணீர், கூடவே கொட்டிய பூ, நசுங்கிய வாழைப்பழம். இழு இழு என்று சத்தம் போட்டு எல்லாரும் பின்பக்கம் சாய்ந்து இழுத்தோம். கால்தான் வழுக்கிக்கொண்டு தேர்ப் பக்கமாகப் போனது. எனக்கு முன்னால் நின்ற அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் வேடிக்கை பார்த்தவர்களும் வந்து வடம் பிடித்தார்கள். இன்னும் ஐம்பது அறுபது பேர். தேர் அசையவில்லை. பத்து நிமிடம் இருக்கும்.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து தரையைப் பார்த்தார். "ஆள் போதும்யா, மணலைக் கொட்டுங்க" என்று கத்தினார். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நாலு சட்டி ஆற்று மணல் வந்தது. எங்கள் காலடியில் தூவினார்கள். பின்னால் சக்கரத்துக்கு நெம்புகட்டை கொடுத்தார்கள். மறுபடி ஒரு இழுப்பு. தேர் முனகிக்கொண்டே பள்ளத்தை விட்டு ஏறியது.

சாயங்காலம் வகுப்புக்கு வந்த அந்தப் பையன் கேட்டான். "மிஸ், நாம தேரை எவ்வளவு விசையோட இழுக்கிறமோ அதே விசையோட தேரும் நம்மள இழுக்குதுன்னு சொன்னீங்க. ரெண்டும் சமம்னா கேன்சல் ஆயிடும்ல? அப்புறம் தேர் எப்படி நகருது?"

தேர் பெரியது, நாம் நிறையப் பேர், உராய்வு என்று ஒன்று இருக்கிறது, என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவன் தலையாட்டினான். புரியாமல் ஆட்டுகிறான் என்பது தெரிந்தது. எனக்கும் புரியவில்லை என்பது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ.

அன்று இரவு பழைய கல்லூரிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகுதான் ஒன்று தெரிந்தது. நியூட்டன் 1687-ல் லத்தீனில் வெளியிட்ட பிரின்சிபியாவில், மூன்றாம் விதிக்கு அவரே தரும் உதாரணங்களில் ஒன்று, கயிறு கட்டிக் கல்லை இழுக்கும் குதிரை. குதிரை கல்லை இழுக்கிற அளவுக்குக் கல்லும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது என்கிறார். குதிரைக்குப் பதில் ஊர் ஜனம், கல்லுக்குப் பதில் தேர். பையன் கேட்டது விதி பிறந்த இடத்திலேயே நிற்கிற கேள்வி.

விடை எனக்குப் பிடிபட்டது இயற்பியல் வழியாக அல்ல, தமிழ் இலக்கணம் வழியாக. புத்தகத்தில் "பொருளின் மீது விசை செயல்படுகிறது" என்று இருக்கும். இந்த வாக்கியத்தில் விசை தானாகவே எங்கிருந்தோ வந்து செயல்படுகிறது. யார் கொடுத்தார்கள் என்பது இல்லை. இதை எழுவாயும் செயப்படுபொருளும் வைத்து எழுதிப் பார்த்தேன். மக்கள் தேரை இழுக்கிறார்கள். இப்போது எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்ற வேண்டும். தேர் மக்களை இழுக்கிறது. இதுதான் எதிர்விசை. வினைச்சொல் மாறவில்லை, அளவு மாறவில்லை. ஆனால் "ஐ" உருபு வேறு ஆளிடம் போய்விட்டது. முதல் விசை தேர் மேல். இரண்டாவது மக்கள் மேல். இரண்டு வேறு பொருள் மேல் இருக்கும் விசைகளை எப்படிக் கழிப்பது? என் கடனை உங்கள் வங்கிக் கணக்கில் கழிக்க முடியாது, அதே கதைதான்.

சரி, அப்படியானால் தேர் ஏன் நகர்ந்தது? தேரை மட்டும் தனியாக வரைந்தேன். அதை முன்னால் இழுப்பது வடம். பின்னால் தடுப்பது தரையும் பள்ளமும் அச்சும் சேர்ந்த தடை. வடத்தின் இழுப்பு தடையைத் தாண்டினால் தேர் நகரும். மக்கள் மேல் திரும்பி வரும் இழுப்புக்கு இந்தப் படத்தில் இடமே கிடையாது.

அடுத்து என்னை மட்டும் தனியாக வரைந்தேன். வடம் என்னைப் பின்னால், தேர்ப் பக்கம் இழுக்கிறது. என்னை முன்னால் தள்ளுவது யார்? யோசித்துப் பாருங்கள். நானே என்னைத் தள்ளிக்கொள்ள முடியாது. என் கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது. இடம் மாற்றினால், தரை என் காலை முன்னால் தள்ளுகிறது. ஊரே சேர்ந்து தேர் இழுக்கிறோம் என்கிறோம், அதற்கான விசை கடைசியில் தெருவிலிருந்து வருகிறது. அந்தத் தெரு வழுக்கியது. அவ்வளவுதான் நடந்தது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். அளவுகள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவைதான். தேர் அசைய 25,000 நியூட்டன் வேண்டும் என்று வைப்போம். (ஒரு நியூட்டன் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்டால், உள்ளங்கையில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துக் காட்டுவேன். நூறு கிராம் எடை ஏறத்தாழ அவ்வளவு.) அறுபது கிலோ ஆளின் எடை 588 நியூட்டன். காய்ந்த தரையில் உராய்வுக் குணகம் (எடையில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்று சொல்லும் எண்) 0.6 என்றால், கால் வழுக்காமல் ஒருவர் தரக்கூடிய இழுப்பு அதிகபட்சம் 350 நியூட்டன். ஆளுக்கு 250 வீதம் கொடுத்தாலே நூறு பேர் போதும். தண்ணீரும் வாழைப்பழமும் சேர்ந்து குணகம் 0.2-க்கு இறங்கினால் ஒருவர் 118 நியூட்டனுக்கு மேல் தர முடியாது, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும். நூறு பேர் இழுத்தால் 11,800. இருநூறு பேர் வந்தாலும் 23,600-தான். முட்டுக்கட்டைப் பெரியவர் குணகம் படிக்காதவர். குறை ஆளில் இல்லை, தரையில் இருக்கிறது என்பது அவருக்குப் பார்த்த உடனே தெரிந்திருக்கிறது.

ரயில் எஞ்சினில் மணல் பெட்டி இருப்பது இதற்குத்தான். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் சுழன்றுகொண்டே நின்ற இடத்தில் நின்றால், ஓட்டுநர் சக்கரத்துக்கு முன்னால் மணல் விழச் செய்வார்.

மறுநாள் பையனை முன்னால் உட்காரவைத்து இரண்டு படத்தையும் போட்டுக் காட்டினேன். நேற்று நான் சொன்னது சரியில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகு அந்த பேட்ச் என்னிடம் கேள்வி கேட்ட மாதிரி வேறு எந்த பேட்ச்சும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு கட்டாயம். விசை என்று அம்புக்குறி போட்டால், பக்கத்தில் "யார், யாரை" என்று எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அம்புக்குறியை அழித்துவிட வேண்டும்.

இந்தக் கட்டாயத்தில் முதலில் மாட்டிக்கொண்டது நானேதான். மேஜை மேல் இருக்கும் புத்தகத்தைப் பூமி கீழே இழுக்கிறது, மேஜை மேலே தள்ளுகிறது, இதுதான் விசையும் எதிர்விசையும் என்று எட்டு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். இடம் மாற்றிப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிட்டது. பூமி புத்தகத்தை இழுக்கிறது என்பதற்கு எதிர், புத்தகம் பூமியை இழுக்கிறது. மேஜை அதில் எங்கேயும் வரவில்லை. மேஜை புத்தகத்தைத் தள்ளுவதற்கு எதிர், புத்தகம் மேஜையைத் தள்ளுவது. புத்தகத்தின் மேல் இருக்கும் இரண்டு விசையும் சமமாக இருப்பதற்குக் காரணம் புத்தகம் அசையாமல் கிடப்பது. அது முதல் இரண்டு விதிகளின் வேலை, மூன்றாவதன் வேலை இல்லை. இதை இன்றும் பலர் தப்பாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டும்போது நான் வாய் திறப்பதில்லை. நானும் அந்தக் கட்சியில் இருந்தவள்தானே.

முதல் விதிக்கு இதே கேள்வி எப்படி உதவுகிறது என்பது டவுன் பஸ்ஸில் தெரியும். மஞ்சக்குப்பத்தில் பஸ் சட்டென்று இடது பக்கம் திரும்பினால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் வலது பக்கம் சாய்வோம். வெளியே தள்ளுகிறது என்போம். எது தள்ளுகிறது? எழுவாயைத் தேடுங்கள். காற்று இல்லை, பக்கத்து ஆள் இல்லை, பஸ்ஸின் இடது சுவர் கைக்கே எட்டாத தூரத்தில் இருக்கிறது. யாரும் இல்லை. எழுவாய் இல்லாவிட்டால் அந்த விசையும் இல்லை. நம் உடம்பு போன வழியிலேயே போகப் பார்க்கிறது, பஸ்தான் திரும்புகிறது. கம்பியைப் பிடித்தால் கம்பி நம்மை உள்ளே இழுத்து, பஸ்ஸோடு சேர்த்துத் திருப்புகிறது.

இதைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது இன்னொன்றை. நேரான சாலையில் மாறாமல் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ்ஸின் மேல் நிகர விசை எவ்வளவு? பூஜ்ஜியம். "எஞ்சின் ஓடுதே மிஸ்" என்பார்கள். எஞ்சின் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் சாலையைப் பின்னால் தள்ள, சாலை பஸ்ஸை முன்னால் தள்ளுகிறது. காற்றும் மற்றத் தடைகளும் அதே அளவுக்குப் பின்னால் தள்ளுகின்றன. வேகத்தைக் கூட்டும்போதுதான் கணக்கு ஒரு பக்கம் சாயும். போய்க்கொண்டே இருப்பதற்கு விசை வேண்டும் என்று நம் மூளை பிடிவாதமாக நினைக்கிறது. கலிலியோவுக்கு முன்னால் பெரிய பெரிய அறிஞர்களே அப்படித்தான் நினைத்தார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. கலிலியோ சாய்தளத்தில் குண்டை உருட்டிப் பார்த்தார். ஒரு சரிவில் இறங்கிய குண்டு எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். எதிர்ச் சரிவைப் படுக்கவைக்கப் படுக்கவைக்க இன்னும் நீண்ட தூரம் ஓடும். முழுக்கப் படுத்துவிட்டால் எப்போது நிற்கும்?

எங்கள் வீட்டில் சாய்தளம் இல்லை, கேரம் போர்டு இருக்கிறது. பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரை ஒரு தட்டு, பவுடர் போட்டு அதே தட்டு. இரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். அப்புறம் அரை மணி நேரம் விளையாட்டு, அதை நிறுத்துவதுதான் கஷ்டம்.

மணலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன் அல்லவா. அதே மணல்தான் என்னைத் தள்ளியும் விட்டது. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். காற்றடிக்கும் மாதத்தில் அங்கே தார்ச்சாலை மேல் மணல் மெல்லிசாகப் படிந்திருக்கும். ஒரு திருப்பத்தில் வண்டியைச் சாய்த்தேன். முன் சக்கரம் காலடியிலிருந்து பாயை உருவினால் போல் நழுவிவிட்டது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டு அன்று இரவு மறுபடியும் எழுவாய் தேடினேன். வண்டி திரும்ப வேண்டுமானால் உள்பக்கமாக ஒரு விசை வேண்டும். அதை யார் கொடுப்பது? ஹேண்டில்பார் இல்லை, நான் இல்லை. சாலைதான் டயரை உள்பக்கம் தள்ள வேண்டும். உதிரி மணல் காய்ந்த தார் மேல் கிடக்கும்போது டயருக்கு அடியில் குட்டிக் குட்டி உருளைகளாக உருளுகிறது, சாலையால் டயரைப் பிடிக்க முடிவதில்லை. ஈரமான சிமெண்டில் பாதத்துக்கு அடியில் கடித்துப் பிடித்த அதே மணல். எட்டு மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தை 25 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் 0.6 அளவுக்கு உராய்வு வேண்டும், காய்ந்த தாரில் கிடைக்கும், மணலில் கிடைக்காது. அதே திருப்பத்தை 15-ல் எடுத்தால் 0.22 போதும். வேகத்தின் இருமடி கணக்கில் வருவதால் கொஞ்சம் குறைத்தாலே நிறையக் குறைகிறது. ஆனால் குறைப்பதைத் திருப்பத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். திருப்பத்துக்குள் பிரேக் பிடித்தால், இருக்கிற கொஞ்சம் உராய்வை நிறுத்தவும் திருப்பவும் பங்கு போட வேண்டி வரும். நான் செய்தது அதைத்தான்.

ஹெல்மெட் தரையில் மோதி ஓரத்தில் வெடித்திருந்தது. மெதுவாகத்தானே போனோம் என்று நினைப்போம். வேகம் இருக்கட்டும், நிறுத்திய வண்டியிலிருந்து சாய்ந்தாலே தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது நொடிக்கு 5.4 மீட்டர் வேகம். அந்த வேகம் எப்படியும் பூஜ்ஜியம் ஆகத்தான் போகிறது. எவ்வளவு தூரத்துக்குள் ஆகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், தலை தாங்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ எத்தனை மடங்கு என்று வந்துவிடும். ஹெல்மெட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கினால் 1500-ஐ 25-ஆல் வகுத்து 60 மடங்கு. வெறும் தலை தரையில் மோதி 3 மில்லிமீட்டரில் நின்றால் 500 மடங்கு. வெளி ஓடு உறுதியாக இருந்தால் போதும் என்று கடையில் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். நம்மைக் காப்பாற்றுவது உள்ளே நசுங்குகிற அந்த வெள்ளைப் பஞ்சணைதான். ஒரு தடவை நசுங்கியது நசுங்கியதுதான், பிறகு அது வெறும் தொப்பி. விழுந்த ஹெல்மெட்டை மாற்றுங்கள் என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே, கீறல்தானே என்கிறார்கள். முதுநகர் துறைமுகத்தில் படகுகளின் பக்கத்தில் பழைய டயர்கள் தொங்குவதும் இதே காரணத்துக்குத்தான். படகு கரையில் முட்டி நிற்கும் நேரத்தை அவை நீட்டிக்கொடுக்கின்றன.

பிரேக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஐப்பசி மழை வரும்போது யாருக்காவது உதவும். 60-ல் போகும்போது எதிரே ஒன்றைப் பார்த்து, மூளை உணர்ந்து, பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி என்றால் அதற்குள் 17 மீட்டர் போயிருப்போம். அதன் பிறகு காய்ந்த சாலையில் நிற்க 20 மீட்டர், ஈரச் சாலையில் 35 மீட்டர். மொத்தம் ஈரத்தில் 52 மீட்டர், நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் அதற்குள் அடங்கிவிடும். 40-ல் போனால் ஈரத்திலும் 27 மீட்டரில் நின்றுவிடலாம். உராய்வுக் குணகத்தைக் காய்ந்ததற்கு 0.7, ஈரத்துக்கு 0.4 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. தேய்ந்த டயர் என்றால் இதைவிட மோசம். இதில் நிறை அடிபட்டுப்போகிறது என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். கனமான வண்டியை நிறுத்த அதிக விசை வேண்டும், ஆனால் கனமான வண்டிக்கு அதே விகிதத்தில் அதிக உராய்வும் கிடைக்கிறது.

பல தேர்களுக்கு அந்த வசதி இல்லை, அவற்றுக்குப் பிரேக் கிடையாது. ஐம்பது டன் தேர் என்று வைப்போம், நொடிக்கு அரை மீட்டர், குழந்தை தளர்நடை போடும் வேகம். உந்தம் 25,000 கிலோகிராம் மீட்டர்/நொடி. உட்கார்ந்த இரண்டு பேரையும் சேர்த்து 250 கிலோ வரும் பைக், 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் 4,200-ஐத் தாண்டாது. ஆறு பைக்குகள் சேர்ந்து வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தானே வருகிறது என்று செல்பி எடுக்கச் சக்கரத்துக்கு முன்னால் போய் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரே போடாகப் போட்டு நிறுத்த மாட்டார். கட்டையைச் சரித்து வைப்பார், சக்கரம் கொஞ்சம் ஏறும், வழுக்கும், அடுத்த கட்டை வரும். உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வது. (கல்லைக் கட்டிக் கடலில் போட்டும் அப்பர் மிதந்து வந்து கரையேறிய ஊர் என்று தலபுராணம் சொல்லும் இடம் இது. அந்தக் கணக்கை மட்டும் நான் வகுப்பில் எடுப்பதில்லை.)

போன வருடம் என் தம்பி வண்டியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவன் குட்டி யானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். சீசனில் பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறக்குவான். எனக்கு அன்று புதுச்சேரியில் வேலை இருந்ததால் கடலூரில் ஏறிக்கொண்டேன். அரை லோடுதான். பின் கதவைத் திறந்ததும் இறக்கச் சுலபம் என்று பழங்களை எல்லாம் பின்பக்கமாகவே அடுக்கியிருந்தான். கேபினுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே மூன்றடி காலி. அடியில் தார்ப்பாய். கயிறு இல்லை.

கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் அடித்தான், மாடு தப்பித்தது. பின்னால் தடதடவென்று சத்தம், அப்புறம் ஒரு டமால். கேபினின் பின் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல்.

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தோம். "பிரேக் அடிச்சதும் பழம் முன்னாடி பாஞ்சிடுச்சுக்கா" என்றான்.

"பாயலடா. அது பாட்டுக்கு வந்துக்கிட்டிருந்துச்சு. நின்னது உன் வண்டிதான்."

அவனுக்குக் கோபம். நான் விடவில்லை. வண்டியை நிறுத்தியது சாலை. பழத்தை நிறுத்த யார் இருந்தார்கள்? தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. பன்னிரண்டு கிலோ பழத்தை வண்டியோடு சேர்த்து நிறுத்தச் சுமார் 67 நியூட்டன் வேண்டும், வழவழப்பான தார்ப்பாய் 35 கொடுத்திருந்தால் பெரிது. மிச்சத்தைக் கேபின் கொடுத்தது. பழம் முதலிலேயே கேபினை ஒட்டி இருந்திருந்தால், மெதுவாகச் சாய்ந்து நின்றிருக்கும். மூன்றடி இடம் கொடுத்ததால் அதற்குள் வண்டியின் வேகத்துக்கும் பழத்தின் வேகத்துக்கும் வித்தியாசம் ஏறிவிட்டது. இப்போது அவன் லோடை முன்னாலிருந்து அடுக்குகிறான், இடைவெளி விடுவதில்லை, தார்ப்பாய்க்கு மேல் சாக்கு விரிக்கிறான், குறுக்கே கயிறு போடுகிறான். முன்னால் அடுக்கினால் இறக்கப் பத்து நிமிடம் அதிகம் ஆகிறது என்று இன்றும் முனகுகிறான்.

அன்று வண்டியை மறுபடி கிளப்பும்போது கேட்டான். "சரிக்கா. பழத்தை யாரும் தள்ளலன்னா, கண்ணாடியை உடைச்சது யாரு?"

"பழம்தான். பழம் கண்ணாடியைத் தள்ளுச்சு. கண்ணாடியும் பழத்தை அதே அளவு தள்ளுச்சு."

"அப்ப பழத்துக்கும் அடிபட்டிருக்கணுமே."

மார்க்கெட்டில் இறக்கும்போது பார்த்தோம். முன்வரிசையில் ஒரு பழம் மேல்முனையிலிருந்து பாதிவரை பிளந்திருந்தது. வியாபாரி அதை எடுக்க மாட்டேன் என்று ஓரமாக உருட்டிவிட்டார். தம்பி அதைத் தூக்கி என் மடியில் வைத்தான். கடலூர் வரும்வரை வண்டி முழுக்கப் பலாவாசனை.